பட்டதாரிக்கு ஒரு இடம்

"சோத்தைத் தொடாம உக்காந்திருக்கியே, என்னடி ஆச்சு? வேலை உண்டா இல்லையா?"

குருவம்மாள் மூன்றாவது தடவையாகக் கேட்டாள். பவித்ரா சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "உண்டு ஆத்தா. நாளைக்கு உங்கூடத்தான் வர்றேன்."

போடியில் ஓர் ஏலக்காய்க் கடையின் ஷெட்டில் பத்தொன்பது வருஷமாகக் காய் பிரிக்கிறவள் குருவம்மாள். மகள் பி.காம். முடித்தவள். காலம் மாறுகிறது, வேலையும் மாறுகிறது என்று கல்லூரியில் ஆறு மாதம் தனிப் பயிற்சி கொடுத்திருந்தார்கள். இங்கிலீஷ் பேசவும், கம்ப்யூட்டரில் பில் போடவும் பவித்ரா நன்றாகவே பழகியிருந்தாள். அதே கடையின் ஆபீஸுக்கு ஆள் வேண்டும் என்றதும் அன்று காலை முதல் ஆளாகப் போய் நின்றாள்.

முதலாளி தங்கபாண்டியன் கேட்டதற்கெல்லாம் பட்டுப் பட்டென்று பதில் சொன்னாள். "நாளைக்கே வந்துரும்மா" என்றவர், "வீடு எங்கிட்டு?" என்றார். காலனித் தெருவின் பேரையும் ஆத்தாவின் பேரையும் சொன்னாள். அவர் பேனாவை மூடினார்.

"ஆபீஸுக்கு வர்ற யாவாரிக ஒருமாதிரி பேசுவாக. நீ ஷெட்டுல சேந்துக்க. ஒங்காத்தாவும் இருக்கால்ல?"

மறுநாள் தாயும் மகளும் ஒரே குவியலுக்கு முன்னால் உட்கார்ந்து, வெடித்த காயையும் முழுக் காயையும் பிரித்தார்கள்.

"வேணாம்னு வந்திருக்கலாம்ல?" என்றாள் குருவம்மாள்.

"எந்தக் கடைக்குப் போனாலும் நம்ம தெருவுலருந்துதான ஆத்தா போகணும்?"

நான்காம் நாள் லோடு ஏற்றிய லாரி பில்லுக்காகக் காத்து நின்றது. ஆபீஸ் வேலைக்கு எடுத்த சிவக்குமாருக்குக் கம்ப்யூட்டரில் பில் போட வரவில்லை. முதலாளி ஷெட்டுக்கே வந்தார். "பவித்ரா, வெரசா வந்து போட்டுக் குடுத்துட்டுப் போ."

குருவம்மாள் பின்னாலேயே போய் வாசலில் நின்றாள். சிவக்குமார் நாற்காலியை விட்டு எழப் போனான். முதலாளி அவன் தோளை அமுக்கினார். "நீ உக்காருப்பா. அது நின்னுக்கிட்டே போடும்."

பவித்ரா கம்ப்யூட்டரை நோக்கி நீட்டிய கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். "நின்னுக்கிட்டுப் போட எனக்குத் தெரியாது, மொதலாளி."

அன்று மத்தியானமே தாய், மகள் இருவரையும் வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள்.

சாயங்காலம் கல்லூரியிலிருந்து, பயிற்சி கொடுத்த சுஜாதா டீச்சர் போன் செய்தாள். "பவித்ரா, ஏலக்காய்க் கடையில சேர்ந்ததால வேலை கிடைச்சவங்க லிஸ்ட்ல உன் பேரும் வந்திருக்கு. ரொம்பப் பெருமையா இருக்கும்மா!"

பவித்ரா ஸ்பீக்கரில் இருந்த போனை ஆத்தாவிடம் நீட்டினாள். குருவம்மாள் போனை வாங்கினாள்.

"டீச்சர், புள்ளைகளுக்கு நல்லாத்தான் சொல்லிக் குடுத்திருக்கீக. மொதலாளிமாருக்கு எப்ப வகுப்பு எடுக்கப் போறீக?"

அதுவரை அழாத பவித்ரா, தாயின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.