ஜெனிலா கைச் சோறு

வளர்ப்பு நாய் கைசரின் தொண்டைக்குக் கீழே இருந்த கட்டியை முதலில் கண்டுபிடித்தது லிஜிதான். குளிப்பாட்டும்போது நெல்லிக்காய் போலக் கையில் தட்டுப்பட்டது. மார்த்தாண்டத்தில் நாய்களுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர் செல்வதாஸ் சோதித்துப் பார்த்துவிட்டு, கேன்சர் என்றார். முழுக்கக் குணமாகாது, வாராவாரம் ஊசி போட்டால் கொஞ்ச காலம் சுகமாக இருக்கும் என்றார். அது 2013, அருமனையில் விடாமல் மழை பெய்துகொண்டிருந்த சமயம்.

கண் திறக்காத குட்டியாக வந்ததைப் பாலில் துணி நனைத்துக் கொடுத்து வளர்த்தவள் லிஜி. கணவன் டைட்டஸ் விடியுமுன்னே ரப்பர் வெட்டப் போய்விடுவான். மகள் பெங்களூரில் நர்சிங் படித்தாள். பகல் முழுக்க லிஜிக்குத் துணை கைசர்தான். அதனால் ஊசிக்கும் அவளே ஆட்டோவில் கொண்டுபோனாள். மருந்து உள்ளே இறங்கும்வரை அதன் தலையைப் பிடித்துக்கொண்டாள். திரும்பும் வழியிலேயே, உடம்பு தேறட்டும் என்று, வேகவைத்த சூரை மீனை முள் நீக்கி அதன் வாய்க்குள் திணித்தாள். வீட்டில் வாந்தியைத் துடைத்து, ஈரத்துணியால் வாயைக் கழுவி, சாக்கை மடித்து விரித்துப் படுக்க வைத்தாள்.

மூன்றாவது ஊசிக்குப் பிறகு கைசர் அவளிடம் தின்பதை நிறுத்தியது. தட்டோடு அவள் வந்தால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டது.

அதே காம்பவுண்டில் பக்கத்து வீடு ஜெனிலாவுடையது. டைட்டஸின் தம்பி மனைவி. அவள் கணவன் குவைத்தில் இருந்தான். அதுவரை நாய்க்கு ஒரு வாய் சோறு போட்டவளில்லை. ஒருநாள் காலையில் அவள் படியில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருக்க, கைசர் தள்ளாடிப் போய் அவள் முன்னால் நின்றது. அவள் ஒரு கை அள்ளி நீட்டினாள். நக்கித் தின்றது.

"அக்கா, இஞ்ச வந்து பாருங்க! எனக்க கையில தின்னுது!"

லிஜி வந்து பார்த்தாள். கைசர் வாலாட்டியது. அது லிஜிக்காக இல்லை.

"நல்லதாச்சு," என்றாள். எரிச்சலோடு அடுக்களைக்குத் திரும்பினாள்.

அதிலிருந்து தினமும் அதுதான் நடந்தது. லிஜி அடுக்களை ஜன்னலில் நின்று பார்ப்பாள். ஜெனிலாவின் சிரிப்பு, அவள் மடியில் கைசர் தாடையை வைத்துக்கொள்வது, எல்லாம் தெரியும்.

"தின்னா போராதா? ஆருக்க கையா இருந்தா என்ன?" என்றான் டைட்டஸ்.

"நீங்க மிண்டாம இரிங்க. வாந்தி அள்ளுகது நான், கொஞ்சுகது அவ."

அடுத்த ஊசியின்போது டாக்டரிடம் கேட்டாள். அவர் சொன்னார்: "ஊசிக்கு அப்புறம் அதுக்குக் குமட்டும். அந்த நேரத்துல கட்டாயப்படுத்தி ஊட்டினா, அந்தச் சாப்பாடும் ஊட்டின கையும் ஆகாமப் போயிரும். வயிறு அடங்கட்டும். பிறகு இளஞ்சூடா, கொஞ்சம் கொஞ்சமா வைங்க."

அன்று ஆட்டோவில் வரும்போதே லிஜியின் மனதில் அந்த எண்ணம் வந்துவிட்டது. ஜெனிலாவின் கையும் அப்படி ஆகட்டுமே.

அடுத்த வாரம் முழங்கால் வலி என்றாள் லிஜி. "மக்கா, நீ ஒருக்கா கொண்டுபோவியா? நீ சொன்னாத்தானே அது கேக்குது."

ஜெனிலா சந்தோஷமாகக் கிளம்பினாள். லிஜி மீனைப் பாத்திரத்தில் அடைத்துக் கொடுத்தாள். "ஊசி போட்டு முடிஞ்ச உடனே ஆட்டோவுலயே ஊட்டிரு. திங்காட்டா வாயைத் திறந்து வச்சுரு, கேட்டியா?"

மாலையில் ஜெனிலா சேலையெல்லாம் வாந்தியோடு வந்து இறங்கினாள். மறுநாள் அவள் நீட்டிய கஞ்சியைப் பார்த்ததும் கைசர் எழுந்து விலகிப் போனது. ஜன்னலில் நின்ற லிஜிக்கு அந்தக் கணம் இனித்தது. உடனே தட்டை எடுத்துக்கொண்டு ஓடினாள். கைசர் அவளையும் பார்க்கவில்லை.

அன்றும் தின்னவில்லை, மறுநாளும் தின்னவில்லை. டைட்டஸ் முட்டையை அவித்து நீட்டினான், மோந்துகூடப் பார்க்கவில்லை. விலாவெலும்பு தெரிந்தது. வெளியே போக எழுந்தபோது பின்கால்கள் மடங்கி விழுந்தது. லிஜி தூக்கினாள். முன்னே இரண்டு கையாலும் தூக்க முடியாத நாய், துணி மூட்டை போல வந்தது.

அப்படியே ஏந்திக்கொண்டு ஜெனிலா வீட்டுப் படிக்குப் போனாள்.

"ஜெனிலா, ஊசி போட்ட உடனே ஊட்டப்பிடாதுன்னு டாக்டர் எனக்கிட்ட சொல்லியிருந்தாரு."

ஜெனிலா கைசரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். "தெரிஞ்சோண்டா எனக்கிட்ட ஊட்டச் சொன்னிய?"

"ஆமா."

"எதுக்கு அக்கா?"

"உனக்க கையில அது தின்னுகதை என்னால கண்டுநிக்க முடியல்ல."

ஜெனிலா உள்ளே போனாள். கதவைச் சாத்திவிடுவாள் என்று லிஜி நினைத்தாள். அவள் செல்போனோடு வந்தாள். "டாக்டர விளியுங்க. என்னெப் பத்தி பொறகு பேசலாம்."

டாக்டர் குமட்டலுக்கு மாத்திரை சொன்னார். மீனை விட்டுவிட்டு வேறு ஏதாவது வேறு தட்டில் வைக்கச் சொன்னார். சோறு வைக்கும் இரண்டு பெண்களும் இனி ஊசிக்கு வரவேண்டாம் என்றார். டைட்டஸ் கொண்டுபோனான். கொஞ்ச நாளில், அவன் சட்டை மாட்டுவதைக் கண்டாலே கைசர் கட்டிலுக்கடியில் ஒளிந்தது.

கோழியைத் தோல் நீக்கி, எலும்பு நீக்கி, சோறோடு குழைய வேகவைத்தாள் லிஜி. ஜெனிலா அதை வாங்கிக்கொண்டுபோய்ப் படியில் வைத்துவிட்டு விலகி நின்றாள். முதல் நாள் கைசர் நக்க மட்டும் செய்தது. மறுநாள் பாதி தின்றது. அந்த வாரத்திலேயே மறுபடி ஜெனிலாவின் கையிலிருந்து தின்னத் தொடங்கியது. லிஜியின் கையை மட்டும் அது மன்னிக்கவில்லை.

ஜெனிலா அவளோடு முன்போலப் பேசவில்லை. பாத்திரத்தை வாங்கும்போது, "உப்பு போடல்லியே?" என்று மட்டும் கேட்பாள்.

"போடல்ல."

அடுத்த ஈஸ்டர் கழியும்வரை கைசர் இருந்தது. அதுவரை எல்லாக் காலையிலும் லிஜி சமைத்தாள், விரலால் பிசைந்து எலும்புத் துணுக்கு இருக்கிறதா என்று தேடினாள், ஜெனிலாவிடம் கொடுத்தாள். பிறகு ஜன்னலுக்கு வந்து, ஜெனிலாவின் உள்ளங்கையை அது கடைசிப் பருக்கை வரை நக்குவதைப் பார்த்தாள். எரிச்சல் ஒருநாளும் அடங்கவில்லை. தட்டு காலியாகும்வரை அவள் அங்கிருந்து நகர்ந்ததும் இல்லை.