கொன்ஃபெய்ட்டின் இரை

கெர்வின் ஓலிஃபண்ட் என்பவர் தென்னாப்பிரிக்காவின் கிம்பர்லி நகரத்து இறைச்சிக்கடை ஒன்றிற்கு ஆடு தெரிந்தெடுத்துக் கொடுப்பவர். ஏலத் தொழுவத்தில் ஆட்டின் முதுகெலும்பின்மேல் பெருவிரலை வைத்து ஒருமுறை அழுத்துவார். எலும்பு தட்டுப்பட்டால் அடுத்த ஆட்டிடம் சென்றுவிடுவார், தட்டுப்படாவிடில் தலையசைப்பார். வீட்டிலும் அவர் அத்தகையவரே. ரொட்டியை அழுத்திப் பார்த்துத்தான் வாங்குவார். கொட்டகையில் தாம் வளர்க்கும் எலிகளையும் அவ்வாறே அழுத்திப் பார்த்து, எலும்பு தெரியாத கொழுத்த எலியையே கொன்று தம் பாம்பிற்கு இரையாகக் கொடுப்பார்.

பாம்பின் பெயர் கொன்ஃபெய்ட். அவ்வூரார் கொன்ஃபெய்ட் என்றழைக்கும் அத்திப்பழப் பாகின் நிறம் கொண்டமையால் வந்த பெயர் அது. அஞ்சினால் பந்துபோலச் சுருண்டுகொள்ளும் சிறிய பெண் மலைப்பாம்பு. மக்கட்பேறு இல்லாத அவ்வீட்டில் அதற்குத் தனியறையே இருந்தது. ஞாயிறுதோறும் முற்றத்தில் இறைச்சி சுட்டு உண்டபின், எஞ்சிய ஆட்டுவால் கொழுப்பும் சோளக்களியும் எலிகளுக்குச் செல்லும். "எலி தின்னுறதுதான் பாம்பு தின்னுறது" என்பார் கெர்வின். எங்கள் தெருவில் இதனை மறுத்தவர் ஒருவருமிலர்.

குளிர்காலம் தொடங்கியது முதல் கொன்ஃபெய்ட் இரையைத் தொடவில்லை.

கெர்வினுக்கு இருப்புக்கொள்ளவில்லை. வேலையிலிருந்து வந்ததும் காலணியைக்கூடக் கழற்றாமல் பாம்பின் அறைக்குள் செல்வார், வெளியே வருவார், மீண்டும் செல்வார். உண்ண மறுக்கும் பாம்பைக் கையில் எடுத்துத் தொல்லைப்படுத்தலாகாது என்பது வளர்ப்போர் வழக்கம். ஆதலால் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்ப்பதோடு சரி. பார்க்கப் பார்க்க அது இளைத்துக்கொண்டே போவதாக அவருக்குத் தோன்றியது.

"கெர்வின்! என் ஹேர் டிரையர் எங்க?" என்று ஒருநாள் மாலை அவர் மனைவி லெவோனா குரல் கொடுத்தார்.

"கொட்டகையில இருக்கு."

"மறுபடியும் செத்த எலிக்குச் சூடு காட்டுனியா? அதை வெச்சுத்தான் நான் சர்ச்சுக்குப் போறப்ப முடி காய வைக்கிறேன், தெரியுமா?"

"எலி வெதுவெதுன்னு இருந்தாத்தான் அவளுக்கு உயிரோட இருக்குற மாதிரி தோணும், லெவோனா."

"எனக்கு ஒரு நாளாவது ஆறிப்போன டீயைச் சூடு பண்ணிக் குடுத்திருக்கியா நீ?"

கெர்வின் சூடுகாட்டிய எலியை நீண்ட இடுக்கியால் பற்றிப் பாம்பின் முன் அசைத்தார். அது நாவை ஒருமுறை நீட்டியது; பின் தலையைத் திருப்பிக்கொண்டது. அதைவிடப் பருத்த எலியை எடுத்து வந்தார். வெள்ளைச் சுண்டெலியை நீட்டினார். கோழிக்குஞ்சையும் நீட்டினார். எதையும் அது தீண்டவில்லை.

அவ்வாரத்து ஏலத்தில் அவர் கவனம் ஆடுகளின்மேல் இல்லை. தலையசைத்து வாங்கிய ஆடொன்றைக் கண்டு கடை முதலாளி வாய்விட்டுச் சிரித்தார். "என்னப்பா ஓலிஃபண்ட், இது ஆடா, துணி காயப்போடுற கம்பியா? உன் விரல் எங்க போச்சு?"

தொழுவத்திலிருந்து திரும்பும் வழியிலேயே கெர்வின் ஒரு முடிவிற்கு வந்தார். சனிக்கிழமை பாம்பின் வாயைத் திறந்து இரையை உள்ளே தள்ளிவிடுவது. ஒருவர் பிடித்துக்கொள்ள, மற்றொருவர் ஊட்டவேண்டும். ஆகையால், ரயில்வேயில் பணிபுரிபவரும் தம்மைப் போலவே பாம்பு வளர்ப்பவருமான நண்பர் மொதுசியை வரவழைத்தார்.

மொதுசி காற்றுத் துளையிட்ட பெட்டியொன்றைச் சுமந்து வந்தார். அதனுள் அவர் வீட்டு இளம் எலிகள் இருந்தன.

"திணிக்கிறதுக்கு முன்னால இதைக் குடுத்துப் பாரு. பால்குடி மறந்து எலும்பு கெட்டியான வயசு. இன்னும் கொழுப்பு வெக்கல" என்றார் மொதுசி.

கெர்வின் ஒன்றை எடுத்து முதுகை அழுத்தினார். உடனே முகம் சுளித்தார். "என்னடா இது, வத்தலா? எலும்பு தட்டுது."

"தட்டட்டுமே! உன் பாம்பு என்ன எலும்பைத் துப்பிட்டுக் கறியை மட்டுமா தின்னுது? முழுசாத்தானே முழுங்குது?"

"விருந்தாளிக்கு வத்தக்கறி போடுற வீடு இல்லடா இது. வா, பிடி."

"நான் பிடிக்க மாட்டேன். திணிச்சா கக்கும், மச்சான். வாயும் கிழிஞ்சுபோகும். அப்புறம் என்னைத்தான் திட்டுவே."

"பட்டினியில சாகட்டும்னு விடச் சொல்றியா?" கெர்வின் கூண்டின் கண்ணாடிக் கதவைத் திறந்தார். "நானே பிடிச்சுக்கிறேன். நீ வாயை மட்டும் திறந்து குடு."

மொதுசி பெருமூச்செறிந்து அருகில் வந்தார். கெர்வின் கொன்ஃபெய்ட்டை வெளியே எடுத்தார். அது கைக்குள் சுருள முயன்றது. நழுவாதிருக்கும் பொருட்டு அதன் நடுவுடலை இறுகப் பற்றினார். அப்போது பெருவிரல் முதுகின்மேல் தானே சென்று அமர்ந்தது. பழகிய வேலையைத் தானே செய்தது.

எலும்பு தட்டுப்படவில்லை.

அவர் விரலைச் சற்றுத் தள்ளி வைத்து மறுபடி அழுத்தினார். முதுகின் இருபுறமும் மெத்தென்று அமிழ்ந்தது. வால் தொடங்குமிடத்தில் தோல் மடிந்து கிடந்தது. இத்தனை ஆண்டுகளில் அந்த விரலை அவர் பாம்பின்மேல் வைத்து அழுத்திப் பார்த்ததே இல்லை. விலை மதிக்க வேண்டியவற்றைத்தான் அழுத்திப் பார்ப்பார். இது அவருடைய செல்லம்.

"முதல் தரம்" என்று முணுமுணுத்தார்.

"என்னது?"

"ஏலத்துல நின்னிருந்தா இவளுக்குத் தலையாட்டியிருப்பேன்டா. அறுக்கிறதுக்குத் தயாரா இருக்கா."

வாயிலில் நின்ற லெவோனா, "அதைத்தானே நான் போன வருஷமே சொன்னேன். இவ குண்டாயிட்டான்னு சொன்னா, 'பொறாமை'ன்னு சொன்னே!" என்றார்.

கெர்வின் பாம்பைக் கூண்டில் விட்டு மூடினார். அது தன் மறைவிடத்திற்குள் மெல்ல ஊர்ந்து சென்றது. அவரோ அறைக்கும் முற்றத்திற்கும் நடந்தார். கொட்டகைக்குள் சென்று எலிகளைப் பார்த்தார். ஒவ்வொன்றும் உருண்டையாய், அசையவும் சோம்பிக் கிடந்தது. தம் கையால் ஊட்டிய ஞாயிற்றுக்கிழமைகள் அத்தனையும் அங்கே கொழுப்பாகக் கிடப்பதைக் கண்டார்.

திரும்பி வந்தபோது மொதுசி பெட்டியைத் தூக்கிக்கொண்டு புறப்பட ஆயத்தமாயிருந்தார்.

"அதை வெச்சுட்டுப் போ."

"இந்த வத்தலையா?"

"இந்த வத்தலைத்தான். இதுங்களை வெச்சுப் புதுசா வளர்க்குறேன். கொழுப்பு கிடையாது, தானியமும் கீரையும்தான்."

"இவளுக்கு எப்பக் குடுப்பே?"

கெர்வின் நாற்காலியை இழுத்து, அன்று முதன்முறையாக உட்கார்ந்தார்.

"அவளே பசின்னு தேடி வர்ற வரைக்கும் எதையும் நீட்டப் போறதில்ல" என்றார். "காத்திருக்கேன்."