தண்ணீர்த் தெருவில் ஓர் இருக்கை

1

அன்றைக்கு இருந்தவர்கள்: கவிழ்த்துப் போட்ட மண்ணெண்ணெய் டின்மேல் நவமணி. அவளுக்கு எதிரில், வெளிச்சம் விழுகிற பக்கமாகச் சாக்கு விரித்து அழகம்மா. கதவு நிலையில் சாய்ந்தபடி, ஒரு கால் உள்ளேயும் ஒரு கால் வெளியேயுமாக மஜீத் பாய். சாவி, திருப்புளியெல்லாம் கிடந்த வேலைப் பலகையை மேசையாக்கிக்கொண்டு நான், குழந்தைவேலு. காரின் பின்சீட்டில் யாரும் இல்லை.

இடம், பாலிங்கிலிருந்து உள்ளே தள்ளியிருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் துரை பங்களாவின் கார் கொட்டகை. துரை குடும்பத்தோடு ஓடிப்போயிருந்தார். காரை ஜப்பான்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். எலி கடித்த தோலைத் தைப்பதற்காக டிரைவர் முன்பே கழற்றி வைத்திருந்ததால் பின்சீட்டு மட்டும் தப்பியது. காலம், 1943 ஆடி மாதம், மத்தியானத்துக்கு மேல்.

ஒரு கதையை இப்படித் தொடங்குவார்களா என்று எனக்குத் தெரியவில்லை. இதற்கு முன் இரண்டு தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன். ஒன்று: 'ஐரோப்பாக் கண்டத்தில் தண்ணீரின்மேல் வெனிஸ் என்றொரு பழம்பெரும் பட்டணம் உண்டு.' பூகோளப் பாடம் போல இருந்தது, அடித்துவிட்டேன். இன்னொன்று: 'இருளப்பனை லாரியில் ஏற்றிக்கொண்டு போன அன்று மழை' (மழை பெய்ததா என்று நினைவில்லை. அந்த வாக்கியம் அப்படியே நிற்கட்டும்.)

பிறகு எனக்குத் தெரிந்த முறைக்கே வந்தேன். நான் பிறருக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பவன். ஒரே அறையில் எல்லா வகுப்பும் நடந்த ஒரு சின்ன டவுன் பள்ளிக்கூடத்தில் படித்தவன். எங்கள் தோட்டத்துக் கடிதங்களில், எழுதும்போது யார் யார் இருந்தார்கள், எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதுதான் முதலில் வரும். தூரத்தில் பிரித்துப் படிக்கிறவன் செய்தியைத் தேடுவதற்கு முன் ஆட்களைத் தேடுவான். அவர்களை உட்கார வைத்துவிட்டால் அவனும் வந்து உட்கார்ந்துகொள்வான். 'இங்கு எல்லோரும் சுகம்' என்று எழுதுவதில் முன்னே பின்னே இருக்கலாம். உட்கார்ந்தவர் பட்டியலில் பொய் எழுதும் பழக்கம் எங்களுக்கு இல்லை.

இந்தக் கதை பிறந்ததே அந்தப் பழக்கத்தினால்தான்.

2

இருளப்பன் துரையின் கார் டிரைவர். நவமணியின் புருஷன். சித்திரையில் ஜப்பான்காரர்கள் அவனைச் சயாம் ரயில் வேலைக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். அதன்பிறகு ஒரு சேதியும் இல்லை.

அன்று சேதி கொண்டுவந்தவர் மஜீத் பாய். தஞ்சோங் டாவாயிலிருந்து கருவாடு ஏற்றிக்கொண்டு, கரிப்புகையில் ஓடுகிற லாரியோடு சயாம் எல்லை வரைக்கும் போய் வருகிறவர்.

"உசுரோடதான் இருக்கான் தங்கச்சி," என்றார். "காச்சல்கூட விட்டுருச்சாம். ஆனா எந்திரிக்க மாட்டேங்கிறானாம். கஞ்சி வச்சா வச்ச எடத்துலயே காயுதாம். அங்கேருந்து வந்த ஒரு ஆளு சொன்னான், அக்கா கையால குடிச்சிக்கிறேன்னு சொல்லிட்டுப் பேசாமப் படுத்திருக்கானாம்."

நவமணி தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஒரு வரி எழுதிக் குடுங்க. அங்க அரிசி மூட்டை ஏத்திக்கிட்டுப் போறவன் ஒருத்தன் எனக்குப் பளக்கம், எப்புடியாச்சும் சேத்துருவான். ஊர்லேருந்து ஒரு சுராட், கடுதாசி வந்துச்சின்னா அவன் எந்திரிப்பான்லா."

எழுதுவதில்தான் சிக்கல். இருளப்பனைத் தாய்க்குத் தாயாக வளர்த்த அக்கா ராக்காயி போன மாதம் இறந்துபோயிருந்தாள். காலில் வந்த சின்னப் புண், மருந்தில்லாமல் முழங்கால் வரை ஏறிவிட்டது. அது அவனுக்குத் தெரியாது. தெரிந்தால் எழுந்திருக்கவே மாட்டான் என்றாள் நவமணி. பட்டியலில் ராக்காயியின் பெயர் இல்லாவிட்டால் முதல் வரியிலேயே தெரிந்துவிடும். இருந்தால் பொய்.

"பட்டியலே போடாம எழுதுங்களேன் அண்ணே," என்றாள் அழகம்மா.

"பட்டியல் இல்லன்னா அதுவே சேதி," என்றாள் நவமணி. "மாமா அங்கதான் மொதல்ல பாக்கும்."

3

இந்த இடத்தில் வாசகர் கேட்கலாம்: வெனிஸ் எங்கே போயிற்று? வருகிறது. கதாசிரியர்கள் ஊரிலிருந்து ஊருக்கு ஒரு பத்தியில் போய்விடுகிறார்கள். நான் கடிதக்காரன், தபால் போகிற வழியில்தான் போவேன்.

அழகம்மா துரை வீட்டில் பிள்ளை பார்த்தவள். சண்டைக்கு முன்னால் துரை குடும்பம் லீவில் போனபோது அவளையும் கப்பலில் கூட்டிப்போனார்கள். திரும்பியபோது ஒரு படக்கார்டு கொண்டுவந்தாள். தண்ணீருக்குள்ளிருந்து எழும்புகிற மாளிகைகள். வாசற்படிகள் நேராகத் தண்ணீரில் இறங்கின. துரை ஓடிய பிறகு, வேலையும் இல்லாமல் சோறும் இல்லாமல் இருந்த சாயங்காலங்களில் இந்தக் கொட்டகையில் கூடி அந்தக் கார்டைக் கைமாற்றிப் பார்ப்போம்.

முதல்முறை பார்த்தபோது எங்களுக்கெல்லாம் அழுகையே வந்துவிட்டது. ஊரே வெள்ளத்தில் மூழ்கியிருக்கிறது என்றுதான் நினைத்தோம்.

"பாவம், என்னைக்கு வடிஞ்சிச்சாம்?" என்று கேட்டாள் ராக்காயி.

"வடியாதுக்கா. எப்பவுமே அப்புடித்தான். தெருவே தண்ணிதான்."

"வெள்ளத்துல நிக்கிற ஊரப் பாக்கவா தொர கப்பலேறிப் போனான்? நம்ம லயத்து வீட்டுக்கு ஐப்பசியில வரச்சொல்லு, சும்மாவே காட்டுறேன்."

அந்தப் பின்சீட்டில் உட்காரத் துணிந்தவள் அவள் ஒருத்திதான். எங்களுக்கு அது துரை உட்கார்ந்த தோல். அவள் ஏறிச் சம்மணம் போட்டு, "தொரயே ஓடிட்டான், சீட்டு என்னா கடிக்குமா?" என்பாள்.

இருளப்பனுக்கு வேறு கவலை. "ரோடே இல்லாத ஊர்ல டிரைவருக்கு என்னா வேல? சரி, நான் தொர மாதிரி பின்னால உக்காந்துக்கிறேன். எவனாச்சும் ஓட்டட்டும்."

"நீ பின்னால உக்காந்தா நான் எங்கடா உக்கார்றது?"

இருளப்பனை லாரியில் ஏற்றின அன்றும் ராக்காயி அழவில்லை. "டேய், அந்த சீட்டு எனக்குத்தான். நீ திரும்பி வந்து, 'எந்திரிக்கா'ன்னு சொன்னாத்தான் எந்திரிப்பேன்," என்று கத்தினாள். அவன் லாரியிலிருந்து சிரித்தான். இதை மட்டும் வாசகர் மறக்காமல் வைத்துக்கொள்ள வேண்டும்.

4

(அழகம்மாவை ஒரு பாத்திரமாக நான் முழுதும் நம்புகிறேனா? இல்லை. ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் மாளிகைக்கு ஒரு மாடி கூடியது. ஆனாலும் சொல்லும்போது அவள் குரல் தணிந்து தணிந்து போகும். பொய் சொல்கிறவர்களுக்குக் குரல் ஏறும் என்பது என் அனுபவம்.)

துரைசானிக்குக் கூட்டம் பிடிக்காதாம். பெரிய கோயில், அதன் முன்னால் பெரிய சதுக்கம், அங்கே புறாவுக்குத் தீனி போட்டுப் படம் பிடித்துக்கொள்கிற வெள்ளைக்காரர் கூட்டம். அரை நாளில் அலுத்துவிட்டது. "எல்லாரும் போற எடத்துக்கு நான் எதுக்குப் போவணும்?" என்று தனக்கென்று ஒரு படகு பேசிவிட்டாள். கறுப்புப் படகு, கண்ணாடி போலப் பளபளப்பு. பக்கத்துக்கு ஒன்றாகப் பித்தளைக் குதிரை. உள்ளே சிவப்பு வெல்வெட்டு மெத்தை. துரைசானி பின்னால், மடியில் பிள்ளையோடு அழகம்மா முன்னால்.

"சந்து மாதிரி வாய்க்காலுக்குள்ள போறோம். ரெண்டு பக்கமும் கையால தொடலாம், அவ்வளவு கிட்டக்க செவுரு. மேல துணி காயுது. படகோட்டி திருப்பத்துல ஒரு கூவு கூவுவான், அந்தப் பக்கத்துலேருந்து இன்னொரு கூவு வரும். அவ்வளவுதான் சத்தம். ஒரு பட்டணத்துல வண்டிச் சத்தமே இல்லன்னா எப்புடியிருக்கும்னு நெனைக்கிறீங்க? கோயில் நட சாத்துன பொறவு உள்ள நிக்கிற மாதிரி."

படகுகளை வயிறு தெரியக் கவிழ்த்துப் போட்டுத் தார் பூசுகிற பட்டறையைப் பார்த்தார்கள். ஒரு தீவு முழுக்கத் தாமரை மொக்கு மாதிரி ஒரு மொக்கைப் பயிர் பண்ணி அதையே சமைத்துத் தின்கிறார்களாம். பிறகு, ஊர்க்காரர்களே அதிகம் போகாத ஒரு வாய்க்காலில், அடைத்துக் கிடந்த ஒரு மாளிகை. துரைசானி தன் பேர் எழுதிய சீட்டுக் கொடுத்தனுப்ப, அந்த வீட்டுக்காரம்மாவே வந்து கூடத்தைத் திறந்துவிட்டாள்.

"மொதல்ல ஒண்ணும் தெரியல. இருட்டு. ஒவ்வொரு சன்னலாத் தொறக்குறாங்க. தண்ணியில பட்ட வெயிலு உள்ள வந்து கூரையில ஆடுது. கூரையில மேகம், வானம் எல்லாம் எழுதியிருக்கு. அந்த வானத்துல வெளிச்சம் நீந்துது. கண்ணாடியிலயே பூவும் எலையும் பண்ணித் தொங்கவிட்ட வெளக்கு, காத்துக்குக் கிணுகிணுங்குது. தொரசாணி என்னா பண்ணிச்சி தெரியுமா? அந்தச் சலவக்கல்லுத் தரையில மல்லாக்கப் படுத்துருச்சி. என்னையும் படுன்னுச்சி. நானும் அதும் பக்கத்துலயே படுத்துப் பாத்தேன். கொஞ்ச நேரத்துக்கு யாரு தொரசாணி, யாரு வேலக்காரின்னு அந்தக் கூரைக்குத் தெரியல."

ராக்காயி இதற்கும் மசியவில்லை. "அதெல்லாம் சரிடீ. அம்மாம் பெரிய வீடு தண்ணியில எதுமேல நிக்குது?"

"மரத்துமேலக்கா. படகோட்டி சொன்னதைத் தொரசாணி சொல்லிச்சி. சேத்துக்குள்ள மரத்தக் கூராச் சீவித் தலகீழா எறக்கியிருக்காங்க. எண்ண முடியாத மரம். நூறு நூறு வருசமா அழுகாம நிக்குதாம். அதும்மேலதான் கல்லு, அதும்மேலதான் மாளிகை."

ராக்காயி கார்டை வாங்கி, மாளிகைக்கு அடியில் இருந்த தண்ணீரை உற்றுப் பார்த்தாள். நாங்கள் மரத்தோடு பிழைத்தவர்கள். விடியுமுன் மரம், வெயிலில் மரம், கனவிலும் மரம். தண்ணீருக்கடியில் இருட்டில், ஒரு பட்டணத்தைத் தலையில் தாங்கிக்கொண்டு ஒரு காடு நிற்கிறது என்று நினைத்தபோது எனக்கு மயிர் கூச்செறிந்தது. இப்போதும் அப்படித்தான்.

"அப்ப அது காடுதான்," என்றாள் கடைசியில். "காடுன்னா நான் வாரேன். போலாம் போ."

5

கடிதத்துக்கு வருகிறேன்.

சுகமான சேதி ஒன்றுமில்லை. மரவள்ளிக்கிழங்கையும் சொறியையும் எழுதி என்ன ஆகப்போகிறது? "அந்தத் தண்ணி ஊர எழுதுங்கண்ணே," என்றாள் நவமணி. "மாமாவ அங்க கூட்டிப் போயிருவோம். சயாமுல கெடக்கிறதுக்குக் கொஞ்ச நேரம் அங்க இருக்கட்டும்."

மஜீத் பாய் பதறிப்போனார். "வெள்ளக்காரன் ஊரு வளவளப்பெல்லாம் எழுதி, சப்பான்காரன் பிரிச்சிப் பாத்தா யாரு களுத்து போகும்? ஏங் களுத்து!"

"இத்தாலி சப்பானுக்குக் கூட்டாளி பாய். பேப்பர்லயே போட்டிருக்கான்,*" என்றேன்.

"கூட்டாளியா? அப்பச் சரி. நல்லாப் புகழ்ந்து எழுதுங்க."

(* அடுத்த மாதமே இத்தாலி சரணடைந்துவிட்டது. கடிதம் அப்போது எந்த மூட்டைக்குள் இருந்ததோ!)

அழகம்மா சொல்லச் சொல்ல எழுதினேன். படகில் துரைசானி கொண்டுபோன சாப்பாட்டுக் கூடை வந்தது. வெள்ளித் தட்டு, ஐஸில் குளிரவைத்த பழம், வெண்ணெய் தடவிய —

"அத அடிங்கண்ணே," என்றாள் நவமணி. "பட்டினி கெடக்கிற மனுசனுக்குத் தின்ன சமாச்சாரம் வேணாம்."

அடித்தேன். அந்த ஊரில் செத்தவர்களைக்கூடப் படகில்தான் கொண்டு — இதையும் அடித்தேன்.

மேலே, காகிதத்தின் உச்சியில், பட்டியலுக்காக விட்ட இடம் வெறுமையாகவே இருந்தது.

6

நவமணி எழுந்துபோய்ப் பின்சீட்டின் முன்னால் நின்றாள். முந்தானையால் தூசி தட்டினாள். வெளியே லாரி இருமிக்கொண்டிருந்தது.

"இருக்கிறதையே எழுதுங்கண்ணே," என்றாள். "டின்னுமேல நான். சாக்குமேல அழகம்மாக்கா. நெலப்படியில பாய். பலகையில நீங்க. பின்சீட்டு ஒங்களுக்காகக் காலியா இருக்குன்னு எழுதுங்க."

நான் பேனாவை நிறுத்தினேன். "அது அவனுக்குப் புரிஞ்சிரும்மா."

"அவன் வந்தாத்தான் எந்திரிப்பேன்னு அவுக அக்கா சொன்னது மாமாவுக்குத் தெரியும். எந்திரிச்சி எடம் வுட்டுட்டாங்கன்னு நெனச்சாலும் சரி, இல்ல... எது தாங்குமோ அத எடுத்துக்கிடும். பொய்யின்னு ஒண்ணும் இல்லியே?"

இல்லை. ஒவ்வொரு எழுத்தும் உண்மை. அப்படியே எழுதினேன்.

பிறகு என் கை தானாக ஒரு காரியம் செய்தது. இரண்டாவது பட்டியல் ஒன்று போட்டேன். 'படகில் உட்கார்ந்தவர்கள்: பின்னால் வெல்வெட்டு மெத்தையில், தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, துரை மாதிரி நீங்கள். உங்கள் பக்கத்தில் அக்கா, ஒரு கையைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு. எதிரில் நான், நவமணி. முன்னால் அழகம்மாக்கா வழி சொல்கிறார்கள். பெரிய கோயில் வேண்டாம், புறா வேண்டாம். அடைத்துக் கிடக்கிற அந்த மாளிகைக்குப் போகிறோம். அடியில் காடு இருக்கிறது, அக்காவுக்குப் பயமில்லை. சன்னல்களை இன்னும் திறக்கவில்லை. நீங்கள் எழுந்து வந்து திறக்க வேண்டும்.'

கொட்டகைக்குத்தான் எங்களிடம் விதி உண்டு. படகுக்கு விதி யாரும் போட்டு வைக்கவில்லை.

முறைப்படி எல்லாவற்றையும் உரக்கப் படித்துக் காட்டினேன். 'அக்கா' வந்த இடத்தில் நவமணி கண்ணை மூடிக்கொண்டாள். திருத்தம் சொல்லவில்லை.

7

முடிவுகள் மூன்று எழுதி வைத்திருந்தேன். ஒன்றில், இருளப்பன் எழுத்துக்கூட்டிப் படித்து, எழுந்து உட்கார்ந்து, கஞ்சிக் குவளைக்குக் கை நீட்டுகிறான். ஒன்றில், எல்லைப் பாலத்தில் லாரியை நிறுத்தி — அதை நான் முடிக்கவில்லை. இன்னொன்றில் அவனுக்கு எல்லாம் புரிந்துவிடுகிறது. காகிதத்தை மடித்துத் தலைக்குக் கீழே வைத்துக்கொண்டு, தென்னங்கீற்றுக் கூரையைப் பார்த்து மல்லாந்து படுத்திருக்கிறான். கீற்று ஓட்டையில் வெயில் ஆடுகிறது.

மூன்றையும் எடுத்துவிட்டேன். கடிதம் எழுதுகிறவனுக்கு உறை ஒட்டுகிறவரைதான் பாத்தியதை. அதற்கப்பால் படிக்கிறவர் பாடு. இருளப்பனைப் போலவே உங்களிடமும் இரண்டு பட்டியல்கள் இருக்கின்றன. காலியான சீட்டிலிருந்து ராக்காயி எதற்காக எழுந்துபோனாள் என்பதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவு. பசை இல்லை. மாவு இருந்தால் தின்றிருப்போமே! அழகம்மா வெளியே போய், பங்களா ஓரத்து மரத்தைக் கீறி, சிரட்டையில் கொஞ்சம் ரப்பர் பால் பிடித்து வந்தாள். நவமணி விரலால் தொட்டு உறையின் வாயில் தடவி, காயும்வரை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டிருந்தாள்.

மஜீத் பாய் உறையைக் கருவாட்டுக் கூடையின் அடியில் செருகினார். பிறகு ஏதோ தோன்றிப் பாதி வெளியே இழுத்தார்.

"தங்கச்சி, நாத்தமடிக்குமேலா."

"அடிக்கட்டும் பாய்," என்றாள் நவமணி. "நம்ம ஊரு வாசந்தானே."

அவர் மறுபடி உள்ளே தள்ளி, மேலே இரண்டு வரிசை மீனை அடுக்கிவிட்டு லாரியில் ஏறினார்.