கோயில் முகப்பில் நாற்பது இட்லிப்பூச் செடிகள்

பத்து மணிக்குக் கோயில் கமிட்டி கூடுகிறது என்று விமலாவுக்கு ஒன்பதரைக்குத்தான் தகவல் வந்தது. போனில் பேசியவர் தலைவர் சிவானந்தம். "செடியெல்லாம் மஞ்சளாயிருச்சும்மா. என்னான்னு வந்து சொல்லிட்டுப் போ." அவ்வளவுதான். திட்டவில்லை. பேரம் பேசிப் பழகியவர்களுக்குத் தெரியும், எதிராளி குரலை உயர்த்தாதபோதுதான் பயப்பட வேண்டும்.

அசாம் ஜாவா சாலையோரத்தில் அவளுடைய பூச்செடிக் கடை நிற்கும் துண்டு நிலம் அந்தக் கோயிலுடையது. குத்தகை இந்த மாதத்தோடு முடிகிறது. அதே இடத்தில் கார் கழுவும் கடை போட ஈஜோக் ஊர்க்காரன் புனிதன் மனுக் கொடுத்திருந்தான். நிலம் போனால் எட்டு வருடமாகச் சேர்த்த தாய்ச்செடிகளைத் தூக்கிக்கொண்டு அவள் எங்கே போவாள்? வீடோ அடுக்குமாடியில் நாலாவது மாடி.

கும்பாபிஷேகத்துக்கு முன்னால் கோயில் முகப்பில் நாற்பது செடி வைத்துக் கொடுத்தவளும் அவளே. தலைவர் ரோஜா கேட்டார். "நம்ம மழைக்கு ரோஜா இலையெல்லாம் கரும்புள்ளி விழுந்து நிக்கும்ணே. குட்டை இட்லிப்பூ வைங்க. வருசம் முழுக்கப் பூக்கும், வெட்ட வெட்ட அடர்த்தியாகும்" என்று ஒன்றரை மணி நேரம் வாதாடி ஜெயித்தாள். ஜெயித்த வாதம் இப்போது கழுத்துக்கு வந்திருந்தது.

கோயில் வாசலில் கமிட்டிக்காரர்கள் எட்டுப் பேர் நிழல் தேடி நின்றார்கள். ஒன்பதாவதாகப் புனிதன். அவன் சட்டைப் பையில் அளவு டேப் துருத்திக்கொண்டிருந்தது.

"சரக்கே மட்டம்லா" என்றான் அவன், யாரையும் பார்க்காமல்.

விமலா குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். அடி இலைகள் பச்சையாகவே இருந்தன. நுனி இலைகள் மட்டும் மஞ்சள், அதில் நரம்பு மட்டும் பச்சை. பூச்சியில்லை. தண்ணீர்க் குறையும் இல்லை. இட்லிப்பூவுக்குப் புளிப்பு மண் வேண்டும். அது போய்விட்டால் மண்ணில் இருக்கும் இரும்புச் சத்தை வேர் எடுக்க முடியாது. ஆனால் இந்த வட்டாரத்து மண்ணுக்குப் புளிப்பு குறைய வழியே இல்லையே!

இரண்டு விரலை மண்ணில் விட்டாள். சாம்பல். விரல் மூழ்கும் ஆழத்துக்கு. மண்ணின் புளிப்பை முறிப்பது இதுதான். அதில் கருகிய நெல், பாதி எரிந்த சமித்துக் குச்சி.

அவளுக்கு விளங்கிவிட்டது. கும்பாபிஷேகத்துக்குப் பிறகு நாற்பத்தெட்டு நாள் மண்டல பூஜை. தினமும் ஹோமம். ஹோமச் சாம்பலைக் கால் படும் இடத்தில் கொட்டக்கூடாது. அதனால் பூச்செடியின் காலடி. தினமும் பித்தளைத் தாம்பாளத்தில் அதைச் சுமந்துபோய்க் கொட்டியவர் தலைவர் சிவானந்தம். வேறு யாரையும் தொடவிடாமல், பெருமையாக. கமிட்டியில் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள்.

"என்னா அக்கா, மண்ணுல தங்கம் கிடைச்சுதா?" என்றான் புனிதன். இரண்டு பேர் சிரித்தார்கள்.

கமிட்டியில் ஒரே பெண்மணியான இராஜம்மா சிரிக்கவில்லை. "சொல்லு புள்ள. எதுனால மஞ்சளாச்சு?"

சாம்பல் என்று சொன்னால் அம்மன் பிரசாதத்தை விஷம் என்றதாகும். தலைவர் முகத்தில் அறைந்ததாகவும் ஆகும். சொல்லாவிட்டால் சரக்கு மட்டம். சிவானந்தம் தோள் துண்டை முறுக்கிக்கொண்டிருந்தார்.

"குத்தம் என்னோடதுதான்" என்றாள் விமலா.

புனிதன் டேப்பை வெளியே எடுத்தான்.

"ஹோமம் நடக்கிற எடம்னு தெரிஞ்சும் பிஞ்சுச் செடிய வச்சேன் பாருங்க. நாப்பத்தெட்டு நாள் மந்திரம் ஏறுன சாம்பல்லா. அதோட வீரியத்தை இது தாங்குமா? அரளி வச்சிருக்கணும். அரளி எவ்வளவு சாம்பலையும் தாங்கும்."

இராஜம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். "அப்ப இனிமே சாம்பலை எங்க போடுறது?"

"பின்சுவர் ஓரம் அரளி ஒரு வரிசை வச்சுத் தர்றேன்க்கா. அங்கயும் யாரு காலும் படாது. இங்க இருக்கிறதை நானே சுரண்டி எடுத்துட்டு, தென்னைநார்த் தூள் போட்டு, இலைக்கு இரும்புச் சத்து அடிக்கிறேன். ஒரு மாசத்துல புதுத் துளிரு பச்சையா வரும்."

"வரலைன்னா?" என்றான் புனிதன்.

"வரலைன்னா நீ கடைய அளக்கிறப்ப டேப்போட இன்னொரு முனைய நான் பிடிக்கிறேன், தம்பி."

இந்த முறை எட்டுப் பேரும் சிரித்தார்கள். துளிர் வரட்டும், பிறகு குத்தகையைப் பேசலாம் என்று கூட்டம் கலைந்தது. விமலாவின் முதுகில் மட்டும் வியர்வை நிற்கவில்லை. செடி பிழைக்கும் என்று அவளுக்குத் தெரியும். ஒரு மாதத்துக்குள் பிழைக்குமா என்பது அவளுக்கே தெரியாது.

எல்லோரும் போன பிறகு சிவானந்தம் பக்கத்தில் வந்து நின்றார்.

"சாம்பலை யாரு கொட்டுனதுன்னு நீ கேக்கவே இல்லியே."

"கேட்டா யாராச்சும் பதில் சொல்லியிருப்பாங்கண்ணே."

அவர் தொண்டையைச் செருமினார். "துளிரு எப்ப வந்தாலும் வரட்டும். குத்தகைய மூணு வருசத்துக்கு எழுதச் சொல்றேன்."

"அஞ்சு."

"நாலு. அதுக்கு மேல கேக்காத."

விமலா சிறு மண்வெட்டியால் சாம்பலைச் சுரண்டி வாளியில் போட்டாள். பிறகு வாளியோடு எழுந்தாள். "இதை எங்க கொட்டுறதுன்னு இராஜம்மா அக்காவைக் கேட்டுட்டு வந்துடுறேன். இதை இங்க யாரு கொட்டுனதுன்னும் அவங்களே சொல்லிடுவாங்க."

"இரு, இரு" என்றார் தலைவர். "அஞ்சு."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வரிசையின் மறுமுனையில் உட்கார்ந்து அவரும் சுரண்டத் தொடங்கினார்.