இன்னும் ஒரு சீட்டு

நிவேதாவுக்குப் பேச வராது என்று யாராவது சொன்னால் மலை மேல் இருக்கிற புதூர்நாடே விழுந்து விழுந்து சிரிக்கும். அவள் பேச ஆரம்பித்தால் எதிரில் இருப்பவரின் டீ ஆறிப்போய் ஆடை கட்டிவிடும். அப்பேர்ப்பட்டவளுக்கு, ஜீப் ஓட்டுகிற அசோக்குமாரிடம் மட்டும் "எனக்கு உன்னைப் பிடிச்சிருக்கு" என்று ஒரு வரி சொல்ல ஒரு வருடமாக நாக்கு எழவில்லை. போன சித்திரையில் சொல்லியிருக்கலாம், ஆடியில் சொல்லியிருக்கலாம். இப்போது வெள்ளிக்கிழமை நெல்லிவாசல்நாட்டில் அவனுக்குப் பெண் பார்க்கப் போகிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. இனி சொன்னால் இந்த வாரம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அவன் கல்யாணத்தில் பந்தி பரிமாற வேண்டும்.

பயம் வந்தால் சிலர் சாமி கும்பிடுவார்கள், சிலர் போர்த்திக்கொண்டு படுப்பார்கள். நிவேதா கம்ப்யூட்டர் திரையில் பட்டன்களின் நிறத்தை மாற்றுவாள். அந்த வாரம் அவள் மலைச்சேதியின் அட்மின் பக்கத்தையே தலைகீழாகப் புரட்டிப்போட்டாள்.

மலைச்சேதி என்பது மகளிர் குழுவுக்காக அவள் செய்து கொடுத்த வெப்சைட். எந்த வீட்டில் பலா பழுத்திருக்கிறது, யாரிடம் தேன் இருக்கிறது, சாமை என்ன விலை, எந்தக் கோயிலில் எப்போது திருவிழா, எல்லாம் அதில் வரும். வெளியே பார்க்க அழகாகத்தான் இருந்தது. உள்ளே சேதி போடுகிற பக்கம்தான் தலைவலி. இடதுபுறம் முழுக்க ஆங்கிலத்தில் வரிசையாகப் பெயர்கள். எதை அழுத்தினாலும் "நிச்சயமாகவா?" என்று சிவப்பில் ஒரு கேள்வி. குழுவின் செயலாளர் சுந்தரம்மாள், ஊர்ச் சண்டையையே ஒரு அதட்டலில் தீர்க்கிற மனுஷி, அந்தச் சிவப்புக் கேள்வியைக் கண்டதும் கையை இழுத்துக்கொள்வார்.

"இன்னாடி இது, நான் இன்னா தப்பு பண்ணேன்னு இப்படி விசாரிக்குது?"

"அது சும்மா கேக்குதுக்கா. ஆமான்னு சொல்லுங்க."

"நீயே சொல்லு. எனக்கு வாணாம்."

இன்னொரு தொல்லையும் இருந்தது. ஒவ்வொரு சேதி போடும்போதும் சைட் முழுவதும் புதிதாகக் கட்டப்பட்டு, எல்லார் போனுக்கும் ஒரு தகவல் போகும். மலை மேல் இருக்கிற இன்டர்நெட் லைனுக்கு அவ்வளவு தெம்பு ஏது? ஒரு பலாப்பழம் ஏறுவதற்குள் இன்னொன்று அழுகிவிடும் போலிருந்தது.

இதை அவள் சுந்தரம்மாளுக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது அசோக்குமார் வாசலில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தான். அவன் ஜீப் குழு அலுவலகத்துக்கு எதிரில்தான் நிற்கும். ஆள் சேரும்வரை அவனுக்கும் வேலை இல்லை.

"ஒண்ணொண்ணா எதுக்குடி அனுப்புற?" என்றார் சுந்தரம்மாள். "எல்லாம் சேந்து ரொம்பட்டும். அப்பால கிளப்பு. தோ, இவன் ஓட்டல?"

நிவேதா அசோக்குமாரைப் பார்த்தாள். அசோக்குமார் தன் ஜீப்பைப் பார்த்தான். அவ்வளவுதான், அவள் தலைக்குள் விளக்கு எரிந்துவிட்டது. அன்று சாயங்காலத்துக்குள் பழைய பக்கத்தைத் தூக்கிக் கடாசிவிட்டு, திரையில் ஒரு ஜீப் வரைந்துவிட்டாள். ஜீப்பில் பத்து சீட்டு. எழுதி முடித்த சேதிகள் பக்கத்தில் ஸ்டாண்டில் நிற்கும். விரலால் இழுத்து சீட்டில் உட்கார வைக்க வேண்டும். பத்தும் நிரம்பினால்தான் "கிளப்பு" என்ற பச்சைப் பட்டன் உயிர் பெறும். அழுத்தினால் எல்லாம் ஒன்றாகப் போய்ச் சேரும். சாவுச் சேதி மட்டும் காத்திருக்காது, அதற்குத் தனி ஜீப்.

"அனுப்பினதை திருப்பி வாங்க ஒரு பட்டன் வெக்கணுமா?" என்று கேட்டாள். அது வழக்கமாக எல்லா இடத்திலும் இருப்பதுதான்.

அசோக்குமார் சிரித்தான். "கிளம்புன வண்டிய எவன்னா திருப்புவானா? உள்ள உக்காந்துகினு கீறவன் சும்மா வுடுவானா?"

சுந்தரம்மாளும் ஆமாம் என்றார். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு நிவேதா அந்தப் பட்டனை வைக்காமலே விட்டாள்.

வியாழக்கிழமை எல்லாம் தயார். ஒவ்வொரு வகைச் சேதியும் சரியாக வருகிறதா என்று பொய்ச் சேதி எழுதிப் பார்க்கிற வேலை மட்டும் பாக்கி. காணவில்லை பகுதிக்கு "சடையன் வீட்டு ஆடு காணவில்லை" என்று எழுதினாள். சடையன் அவளுடைய அப்பா. ஆடு கொட்டகையில் சௌக்கியமாக இருந்தது. அடுத்தது கல்யாணப் பகுதி. மணமகள் என்ற கட்டத்தில் தன் பெயரை அடித்தாள். மணமகன் என்ற கட்டம் காலியாகக் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. அக்கம்பக்கம் பார்த்தாள். யாரும் இல்லை. விரல்களுக்கு வந்த தைரியத்தைப் பாருங்கள், "அசோக்குமார்" என்று அடித்தே விட்டன!

அடித்ததும் உடம்பெல்லாம் ஜிவ்வென்றது. பிறகு நிறுத்த முடியவில்லை. இடம்: பெண் வீட்டு வாசல். விருந்து: சாமைச் சோறு, நாட்டுக்கோழிக் குழம்பு. நாள் என்ற கட்டத்தில் கொஞ்சம் யோசித்து, "மாப்பிள்ளை சரி என்று சொல்லும் நாளிலிருந்து மூன்றாவது வெள்ளி" என்று எழுதினாள். படம் கேட்டது. அவன் ஜீப்பில் சாய்ந்து, இரண்டு கன்னமும் உப்ப பலாச்சுளை தின்கிற படம் ஒன்று அவள் போனில் ரகசியமாக இருந்தது. அதையும் ஏற்றினாள். பார்க்க அவ்வளவு லட்சணமாக இருந்ததால் அழிக்க மனம் வரவில்லை. நாளைக்கு அழித்துக்கொள்ளலாம் என்று ஸ்டாண்டில் ஆட்டுக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போனாள்.

வெள்ளிக்கிழமை காலை புதுப் பக்கத்தின் திறப்பு விழா. சுந்தரம்மாள் பட்டுப்புடவையில் வந்து திரையின் மூலையில் சந்தனம் வைத்தார். குழுப் பெண்கள் ஆளுக்கொரு சேதியாக ஏற்றத் தொடங்கினார்கள். எதிரில் நிஜ ஜீப்பிலும் ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். முன் சீட்டில் அசோக்குமாரின் அம்மா பாஞ்சாலி, மடியில் பூவும் பழமும் நிறைந்த தட்டு. பின்னால் மாமன், அத்தை, பெரியப்பா என்று ஒரு கூட்டம்.

நிவேதா வாசலுக்கு ஓடினாள். இப்போது சொல்லாவிட்டால் எப்போது? அசோக்குமார் புதுச் சட்டையில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அவளையே பார்த்தான். ஏதோ எதிர்பார்க்கிற மாதிரிதான் இருந்தது.

"இன்னா நிவேதா?"

அவள் வாயைத் திறந்தாள். "பின் டயர்ல காத்து கம்மியா கீது."

"சரி," என்றான் அவன். ஜீப் கிளம்பிப் போய்விட்டது.

தன்னைத்தானே செருப்பால் அடித்துக்கொள்ளலாமா என்று நினைத்தபடி அவள் உள்ளே வந்தாள். சுந்தரம்மாள் முகம் பூராவும் பல்லாக நின்றார்.

"கிளப்பிட்டேன் நிவேதா! நானே கிளப்பிட்டேன்! ஒரு கேள்வி கேக்கல, ஒரு சிவப்பு இல்ல!"

"நெசமாவாக்கா? பத்தும் ரொம்பிடுச்சா?"

"ஒம்போதுதான் சேந்துச்சு. ஒரு சீட்டு காலி. எவ்ளோ நேரம்டி காத்துனு இருக்கறது, பலா பழுத்துப் பூடும்ல? ஸ்டாண்டுல ரெண்டு சேதி சும்மா நின்னுனு இருந்துச்சு. ஆடு காணோம்னு ஒண்ணு. நல்ல நாள்ல அது எதுக்கு? அதான் கல்யாண சேதிய ஏத்தி வுட்டேன்." அவர் நிவேதாவின் கன்னத்தைக் கிள்ளினார். "கள்ளி! எங்ககிட்டகூட ஒரு வார்த்த சொல்லல பாரு!"

ஒரு சீட்டு காலியாக இருந்தால் ரோட்டில் நிற்கிற யாரையாவது இழுத்துப் போட்டுக்கொண்டு கிளம்புவதுதான் இந்த மலையில் ஜீப் ஓட்டுகிற முறை. ஜீப்பை வரைந்தவளுக்கு அது தோன்றவில்லை, ஜீப்பில் போகிறவருக்குத் தோன்றிவிட்டது. நிவேதா கம்ப்யூட்டர் மேல் பாய்ந்து, உள்ளே புகுந்து, அந்தப் பக்கத்தை அழித்தாள். அழித்து என்ன பயன்? தகவல் எல்லார் போனுக்கும் படத்தோடு போயாகிவிட்டது. அவள் போனுக்கே வந்தது. கன்னம் உப்பிய அசோக்குமார் அவளைப் பார்த்துப் பலாச்சுளை தின்றான்.

அவனுக்குப் போன் அடித்தாள். தொடர்பு எல்லைக்கு வெளியே. நெல்லிவாசல் வழியில் ஒரே ஒரு வளைவில்தான் சிக்னல் கிடைக்கும். அங்கே போய்ச் சேர்ந்ததும் ஜீப்பில் இருக்கிற அத்தனை போனும் ஒரே நேரத்தில் கத்தும். பாஞ்சாலியின் போன் உட்பட.

அதற்குள் அவள் போன் அடித்தது. கண்ணமங்கலத்துப் பழ வியாபாரி தனசேகரன்.

"பலாவுக்கு போன் பண்ணேம்மா. இன்னா, உனக்குக் கல்யாணமாமே? மாப்ள நல்லா சாப்புடுவாரு போல!"

அடுத்து கோயில் பூசாரி. அடுத்து மேளக்காரர், வேறு யாரிடமும் பேசிவிட வேண்டாம் என்று. நிவேதா எல்லாருக்கும் "சோதனைங்க, அது சோதனைங்க" என்று சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டுபோனாள். மேளக்காரர், கல்யாணம் என்றாலே சோதனைதான் என்று ஆறுதல் சொன்னார். அழுகைதான் முட்டியது, ஆனால் வந்தது சிரிப்பு. மேசைக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். ஒரு வருடமாகச் சொல்ல முடியாததை மலை முழுக்கச் சொல்லியாகிவிட்டது, இனி யாரிடம் மறைக்க?

அப்போதுதான் ஜீப் சத்தம் கேட்டது. அந்த இரைச்சல் அவளுக்கு மனப்பாடம். ஆனால் போய் இன்னும் அரை மணி நேரம்கூட ஆகவில்லையே! எட்டிப் பார்த்தாள். அதே ஜீப், அதே கூட்டம். கிளம்பின வண்டியை அசோக்குமார் திருப்பிக்கொண்டு வந்திருந்தான்.

அவன் உள்ளே வந்து மேசைக்கு முன்னால் குனிந்தான். கையில் போன்.

"நிவேதா, வெளிய வா."

"அது சும்மா டெஸ்டுக்கு எழுதினது..."

"அத்த அப்பால பேசலாம். எனக்கு ஒரு டவுட்டு."

அவள் தலையை மட்டும் நீட்டினாள். அவன் முகத்தில் சிரிப்பே இல்லை. காது மட்டும் சிவந்திருந்தது.

"மாப்ள சரின்னு சொல்ற நாள்லேர்ந்து மூணாவது வெள்ளின்னு போட்டுக்கீற. இன்னிக்கே வெள்ளிக்கெழம. இன்னிக்கியும் சேத்து எண்ணணுமா, வுட்டுட்டு எண்ணணுமா?"

இதுபோன்ற ஒன்று கூடுதலா, ஒன்று குறைவா என்ற கணக்கில்தான் ப்ரோகிராம் எழுதுகிறவர்கள் ஆயுசு முழுக்கத் தடுக்கி விழுவார்கள். நிவேதா தடுக்கி விழவில்லை.

"சேத்தே எண்ணிக்கலாம்," என்றாள். "சீக்கிரம் வரும்."

சுந்தரம்மாள் குலவையிட்டார். அந்தக் கூச்சலுக்கு நடுவில் பாஞ்சாலி தட்டோடு இறங்கி வந்தார். "நெல்லிவாசல்காரங்களே போன் பண்ணிட்டாங்க. அந்தப் பொண்ணுக்கு நர்சு படிக்கத்தான் ஆசயாம், தப்பிச்சேன்னு சிரிக்குதாம். நான் பூவும் பழமும் வெச்சினு எங்க போறது? இவன் ஒரு வருசமா இந்த வாசல்ல சாஞ்சினு நின்னதுக்கு வாயத் தொறந்திருந்தா, எனக்கு டீசலாவது மிஞ்சியிருக்கும்!"

ஒரு வருடமாகவா? நிவேதா அசோக்குமாரைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

"சரி சரி, தேதிய ஒழுங்கா போட்டு மறுபடியும் அனுப்பு," என்றார் சுந்தரம்மாள். "ஜனங்க கொழம்பிப் பூடும்."

தேதி போட்டாயிற்று. சேதி சீட்டில் ஏறி உட்கார்ந்தது. ஆனால் ஜீப்பில் இன்னும் ஒன்பது சீட்டு காலி. பச்சைப் பட்டன் அசையவில்லை.

"தனி ஜீப்புல அனுப்பிடலாமா?" என்றான் அசோக்குமார்.

"வாயக் கழுவுடா! அது சாவுக்கு!" என்று பாஞ்சாலி அவன் முதுகில் ஒன்று வைத்தார்.

அப்புறம் நடந்ததுதான் உண்மையான திறப்பு விழா. ஆளாளுக்கு முண்டியடித்துக்கொண்டு சேதி எழுதினார்கள். ஒருத்தி தன் கோழி முட்டை வைத்ததைப் போட்டாள். பெரியப்பா தன் முழங்கால் வலி குறைந்ததை அறிவித்தார். பாஞ்சாலி, "என் மருமகளுக்கு கம்ப்யூட்டர் தெரியும்" என்று ஒன்றும், அதையே திரும்ப இன்னொன்றும் ஏற்றினார். அசோக்குமார் பழக்க தோஷத்தில் அலுவலக வாசலில் நின்று ரோட்டைப் பார்த்துக் கத்தினான்: "இன்னும் ஒரு சீட்டு! இன்னும் ஒரே ஒரு சீட்டு!"

ரோட்டில் சடையன் வந்துகொண்டிருந்தார். மண்வெட்டியைத் தோளில் போட்டபடி, கொல்லையிலிருந்து நேராக, வேர்க்க விறுவிறுக்க. கையில் போன் இருந்தது. அசோக்குமார் வழிவிட்டு ஒதுங்கினான். சடையன் உள்ளே வந்து மகளைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், திரையில் இருந்த ஜீப்பையும் ஸ்டாண்டில் இன்னும் நின்றுகொண்டிருந்த ஆட்டுச் சேதியையும் பார்த்தார்.

"ஒரு சீட்டு காலியா கீதாமே?"

"ஆமாப்பா," என்றாள் நிவேதா.

அவர் மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு, முண்டாசை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எனக்கு எழுத்துக் கூட்டி அடிக்க நேரமாவும். நான் சொல்றேன், நீ அடி. சடையன் வூட்டுக் கல்யாணத்துக்கு எல்லாரும் வந்துடணும். கோழி என் செலவு." கொஞ்சம் யோசித்தார். "ஆடு காணாம போவல, அங்கயே தான் கீதுன்னும் சேத்துப் போடு. எவன்னா தேடினு கெளம்பப் போறான்."

பச்சைப் பட்டன் உயிர் பெற்றது. நிவேதா அதை அழுத்தவில்லை. வண்டியைக் கிளப்புவது டிரைவர் வேலை என்று சொல்லி, அசோக்குமாருக்கு வழிவிட்டு நகர்ந்து நின்றாள்.