இரண்டு சாய்கோடு

ஆற்றில் நாளைக்கு எவ்வளவு தண்ணீர் வரும் என்று முன்கூட்டிச் சொல்லும் அலுவலகத்தில் அவள்தான் நிரல் பொறுப்பாளர். அவளுடைய அண்ணன் அதே ஆற்றின் கீழ்ப்பக்க அணையில் ஷட்டர் இயக்குபவர். அவர் மணிக்கு மணி அளந்து அனுப்பும் நீர்மட்டம் அவளுடைய நிரலுக்குப் போகும்; தங்கை சொல்லும் எண்ணை வைத்துத்தான் அவர் கரையோரத்துத் தாழ்வான தெருவைக் காலி செய்யச் சொல்வார்.

அந்த வாரம்தான் அலுவலகத்தில் கணினியை மாற்றினார்கள். நிரல் என்னவோ பழையதே, அவள் வேலைக்குச் சேருமுன் யாரோ ஃபோர்ட்ரான் மொழியில் எழுதியது. அதைக் கணினிக்குப் புரியும்படி மொழிபெயர்க்கும் கம்பைலரிடம் நேரே கொடுக்க முடியாது. சி மொழிக்கென்று செய்த ஒரு முன்செயலி முதலில் படித்து, இந்தக் கணினிக்கு வேண்டிய வரிகளை மட்டும் பொறுக்கிக் கொடுக்க வேண்டும். அடுத்த வீட்டு மாமியாரைக் கூட்டி வந்து நம் சமையலறையைச் சோதிக்கச் சொன்ன கதைதான்.

அந்த மாமியார் காலையில் இருநூற்றுப் பன்னிரண்டு குறை சொன்னாள். எழுதிய மனிதர் குறிப்பு வரிகளில் ‘டோன்ட்’, ‘கான்ட்’ என்று ஆங்கிலத்தில் எழுதும்போதெல்லாம் ஒற்றை மேற்கோள் குறி போட்டிருந்தார். சி மொழியில் அந்தக் குறியைத் திறந்தால் மூடியாக வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக மாற்றினாள். பதினோரு மணிக்கு முன்செயலியின் வாய் அடைத்தது. நிரல் ஓடியது. நாளைக்கு நாலு மீட்டர் பத்து சென்டிமீட்டர். அண்ணனுக்குச் சொல்லிவிட்டு, அப்பாடா என்று சாய்ந்தாள்.

ஒரு மணிக்கு அவரே கூப்பிட்டார்.

“ஏம்மா, நாளைக்கு நாலு பத்துன்னுதானே சொன்ன?”

“ஆமாண்ணா.”

“ஆத்துக்கு அது தெரியாது போல. இப்பவே நாலைத் தொட்டாச்சு. மேல கொட்டு கொட்டுன்னு கொட்டுதாம். அஞ்சைத் தாண்டினா தெருவுக்குள்ள வந்துடும். தெருவைக் கிளப்பவா, வேண்டாமா? மூணு மணிக்குள்ள சொல்லு. அதுக்கு மேல ஆரம்பிச்சா, இருட்டுறதுக்குள்ள வயசானவங்களைக் கூட்டிட்டுப் போய்ச் சேர முடியாது.”

மறுபடி ஓட்டினாள். நாலு பத்து. நேற்றைய தேதியைக் கொடுத்தாள். நாலு பத்து. எரிச்சலில் அடுத்த வருஷத்துத் தேதியைத் தட்டினாள். அதற்கும் நாலு பத்து! இன்னும் பெய்யாத மழையைக்கூட அளந்து வைத்திருக்கிறதே, நாசமாய்ப் போனது!

கணினி அறைக்காரரைக் கூப்பிட்டாள். மேசையில் ஒரு குண்டூசி இருந்தாலும் எடுத்து ஒதுக்கிவிடுவார் என்பதால் அவருக்கு அலுவலகத்தில் ‘சுத்தம்’ என்றே பெயர்.

“சார், நிரலைத் தொட்டீங்களா?”

“ஐயையோ, அந்தப் பக்கமே போகலை மேடம். முன்செயலியைக் கூப்பிடுற கட்டளை இருக்கே, அதைத்தான் கொஞ்சம் சுத்தம் பண்ணேன். ‘டிரடிஷனல்’னு ஒரு வார்த்தை தொங்கிட்டிருந்துச்சு. புது மெஷின்ல என்ன பழைய சம்பிரதாயம்னு எடுத்துட்டேன். அது இல்லாமலே ஓடுச்சே!”

“ஓடுச்சு சார். எங்க ஓடுச்சுன்னுதான் தெரியலை.”

முன்செயலி துப்பிய வரிகளைத் திரையில் திறந்து, மூல வரிகளோடு ஒப்பிட்டாள். அன்றன்றைய அளவுகள் இருக்கும் கோப்பின் பெயரைச் சேர்க்கும் இடம். மூலத்தில் அளவெடுக்கும் நிலையத்தின் பெயர், இரண்டு சாய்கோடு, தேதி. ஃபோர்ட்ரானில் இரண்டு சாய்கோடு என்றால் இதையும் அதையும் ஒட்டு என்று பொருள். சி மொழியிலோ, இதற்கு மேல் வருவது வெறும் குறிப்பு, தூக்கி எறி என்று பொருள். எறிந்திருந்தது. தேதியைக் காணோம், நிலையத்தின் பெயர் மட்டும் மிச்சம். அந்த மொட்டைப் பெயரிலும் ஒரு கோப்பு இருந்து தொலைத்தது. என்றோ சோதனைக்காகப் போட்டு வைத்த, ஒரு கோடைமழையின் அளவுகள். எந்தத் தேதியைக் கேட்டாலும் அந்தக் கோடையையே படித்துக்கொண்டிருந்தது.

அந்த ஒரு வார்த்தை இருந்திருந்தால் முன்செயலி பழைய முறையிலேயே படித்திருக்கும்; சாய்கோட்டையும் தொட்டிருக்காது, மேற்கோள் குறிக்கும் குறை சொல்லியிருக்காது. காலை முழுக்கச் செய்த வேலை தண்டம். தண்டமாவது பரவாயில்லை. ஏதோ கோளாறு என்று கத்திக்கொண்டிருந்த ஒரே வாயையும் அவளே உட்கார்ந்து அடைத்திருக்கிறாள்.

வார்த்தையைத் திரும்பப் போட்டு ஓட்டினாள். இரண்டு முப்பத்தைந்துக்கு விடை வந்தது.

“அண்ணா, ஆறு எண்பத்தஞ்சு. தெருவைக் கிளப்பு.”

“காலையில நாலு பத்து, மத்தியானம் ஆறு எண்பத்தஞ்சா? முந்நூறு குடும்பம்மா. கிளப்பிவிட்டுட்டு நாளைக்குத் தண்ணி முழங்காலுக்கு வந்தா, அடுத்த தடவை ஒருத்தன் எழுந்து வருவானா? காலையிலயும் இதே குரல்லதான் சொன்ன.”

அவள் வாய்வரை வந்த விளக்கத்தை விழுங்கினாள். சாய்கோட்டுக் கதைக்கு அவரிடம் நேரமில்லை.

“பன்னெண்டு மணிக்கு என்ன அளவு அனுப்பின?”

“மூணு தொண்ணூத்தி நாலு. எதுக்கு?”

“இப்ப இது படிச்ச கோப்புல மூணு தொண்ணூத்தி நாலுன்னு இருக்கு. பதினொண்ணுக்கு மூணு எண்பத்தி ஒண்ணு. சரியா?”

“சரி.”

“காலையில ஓட்டினப்ப இது நீ அனுப்பின ஒரு அளவைக்கூடப் படிக்கலைண்ணா. எப்பவோ ஒரு கோடையைப் படிச்சிருக்கு. நான் பாக்கலை. தப்பு என்னோடது.”



“மணிக்கு மணி மழையில நனைஞ்சு போய் அளந்து அனுப்பினேனே, யாருமே படிக்கலையா?”

“இல்லைண்ணா.”

அவர் சொன்ன வார்த்தை எழுதத் தக்கதல்ல. பிறகு போனை வைக்காமலே யாரிடமோ கத்தினார்: “சங்கை ஊதச் சொல்லு! தெரு மொத்தமும்!”

சங்கு ஊதத் தொடங்கியது. அது நிற்கும்வரை அவள் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.