திருப்பி அனுப்ப முடியாத சட்டை

அன்ரனிற்றாவின் நீலச் சட்டை ஓகஸ்ட் மாதத்து முதற்கிழமையில் வீட்டு வாசலைத் தாண்டிப் படிக்கட்டில் இறங்கியது. அடுத்த கிழமை மூன்றாம் மாடியிலிருந்து இரண்டாம் மாடிக்கு வந்தது. ஜெர்மனியின் ஹம் நகரில் அந்த வருடம் தக்காளி விலை ஏறியிருந்தது, ஆற்றுப் பாலம் திருத்த வேலைக்காக மூடியிருந்தது, ரயில்கள் வழமைபோலப் பிந்தி வந்தன; சட்டையைப் பற்றி எவரும் பெரிதாகக் கதைக்கவில்லை. வீட்டுப் பராமரிப்புக் காரியாலயம் மட்டும் சுவரில் ஒரு கடதாசி ஒட்டியது. தீப்பிடித்தால் ஆட்கள் இறங்கும் வழி இது, சப்பாத்து, தள்ளுவண்டி, சட்டை ஆகியவற்றை இங்கே வைக்கக் கூடாது என்று அதில் இருந்தது. அன்ரனிற்றா வாசித்துவிட்டு விளிம்பை மடித்து ஒரு படி மேலே வைத்தாள். காலையில் பார்த்தபோது அது மறுபடி இறங்கியிருந்தது.

நடந்ததை நடந்த ஒழுங்கில் சொல்வதுதான் முறை. அன்ரனிற்றா பேசாலையில் பிறந்தவள். டக்ளஸைக் கட்டி ஹம்முக்கு வந்து நாலு வருடம். டக்ளஸ் தூர இடங்களுக்கு லொறி ஓடுபவன். ஞாயிறு இரவு புறப்பட்டால் வெள்ளிக்கிழமை வருவான், சில கிழமைகளில் அதுவும் இல்லை. லொறிகள் நிற்கும் இடங்களிலிருந்து போன் எடுத்துச் சாப்பிட்டியா என்று கேட்பான். அவள் ஓம், நீங்கள் என்பாள். அவனும் ஓம் என்பான். பிறகு இரண்டு பேரும் லொறி இரைச்சலைக் கொஞ்சநேரம் கேட்டுவிட்டு வைத்துவிடுவார்கள். இரண்டு வருடத்துக்கு முன் ஒருமுறை அவளுக்குப் பிள்ளை தங்கியது. சந்தோஷம் பொறுக்காமல், தமிழ்ப் பூசை முடிந்து தேத்தண்ணி குடிக்கும் மண்டபத்தில் எல்லாருக்கும் சொல்லிவிட்டாள். ரோல்ஸும் கேக்கும் செய்து கொண்டுபோனாள். மூன்றாம் மாதம் அது கரைந்து போயிற்று. அதற்குப் பிறகு வந்த ஞாயிறுகளில் பெண்கள் அவளுடைய முகத்துக்கு முன் வயிற்றைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டுக் குளிரைப் பற்றிக் கதைத்தார்கள்.

ஆகவே இரண்டாம் முறை தங்கியபோது கெல்சென்கிர்ச்சனில் இருக்கும் மாமியார் றோசம்மா போனிலேயே சட்டம் போட்டுவிட்டாள். "இந்தமுறை ஒருத்தருக்கும் மூச்சு விடாதை பிள்ளை. கண்ணூறு பொல்லாதது. கையிலை குழந்தை வந்தாப்பிறகு நானே எல்லாருக்கும் அடிச்சுச் சொல்லுறன். அதுமட்டும் வயிறு தெரியாதமாதிரி நல்ல உடுப்பா, லூசாப் பாத்து வேண்டிப் போடு." மற்ற மகனின் இரட்டைப் பிள்ளைகளைப் பார்க்க வேண்டியிருந்ததால் றோசம்மாவுக்கு நேரில் வர வசதிப்படவில்லை. அன்ரனிற்றாவின் தாய்க்கோ விமானம் ஏறும் உடம்பு இல்லை.

நல்ல உடுப்பு என்பது சொல்லும்போது சின்ன விஷயம். ஹம்மில் பிள்ளைத்தாய்ச்சிகளுக்கென்று இருந்த கடையை மூடிவிட்டார்கள். அந்த இடத்தில் கைத்தொலைபேசிக்குக் கண்ணாடி மாற்றுகிறார்கள். பெரிய கடையில், பிள்ளைகளின் மழைச்சட்டைகளுக்குப் பின்னால், லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு கம்பி. அதில் தொங்கியவை ஒன்றில் கறுப்பு, இல்லாவிட்டால் கப்பல்காரர் உடுக்கும் கோடு. துணியை விரலால் தேய்த்தால் பொறி பறந்தது. இங்கே இவ்வளவுதான், மிச்சம் எல்லாம் இணையத்தில் என்று விற்கும் பெண் சொன்னாள். அன்ரனிற்றா டோர்ட்முண்டுக்கு ரயிலேறிப் போனாள். அங்கே வயிறு வளர்ந்தபின் உடுப்பு எப்படி இருக்கும் என்று பார்க்க, இடுப்பில் கட்டுகிற ஒரு தலையணை கொடுத்தார்கள். அன்ரனிற்றா அதைக் கட்டி, உடுப்பு மாற்றும் அறையின் சின்ன வாங்கில் இருந்தாள். தலையணையில் முன்பு கட்டிப் பார்த்த பெண்களின் பவுடர் வாசம் இருந்தது. ஆளாளுக்கு ஒரு வாசம், பிரித்துப் பிரித்துச் சொல்லலாம் போல. வெளியே இருந்தவள் திரையைத் தட்டும்வரை அவள் அதைக் கழற்றவில்லை. கொண்டுபோன காற்சட்டைகளில் ஒன்றையும் போட்டுப் பார்க்கவும் இல்லை.

பிறகு இணையம். வந்த காற்சட்டைகளெல்லாம் தென்னை உயரத்துப் பெண்களுக்குத் தைத்தவை. அன்ரனிற்றா போட்டால் கால்கள் அவளுக்குப் பின்னால் வந்தன. வயிற்றுக்கு மேல் ஏறும் பட்டி சாப்பிடுமுன் தளர்ந்தும் சாப்பிட்டபின் நெரித்தும் இருந்தது. ஒரு மேற்சட்டை முதல் தோய்ப்பிலேயே பிறக்கப்போகிற பிள்ளைக்கு அளவாயிற்று. இன்னொன்றின் தையல் பஸ்ஸில் திறந்தது. நல்ல பருத்தி என்று நம்பி எடுத்த ஒன்றில், வயிற்றுக்கு நேரே, 'உள்ளே ஆள் இருக்கிறார்' என்று ஜெர்மனில் கொட்டை எழுத்து. மறைக்க உடுப்புத் தேடியவளுக்கு அது வந்தது. எல்லாவற்றையும் மடித்து, திருப்பி அனுப்பும் துண்டை ஒட்டி, ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் மகேந்திரராஜா நடத்தும் கடைக்குக் கொண்டுபோவாள். அங்கே லொத்தர், பேப்பர், மீன் பற்றிஸ், பார்சல் எல்லாம் ஒரே மேசையில்.

மகேந்திரராஜா வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிற ஆள் இல்லை. "என்ன தங்கச்சி, வாறதும் பார்சல், போறதும் பார்சல். உடுப்பு யாவாரம் துவங்கிட்டீரோ?"

அன்ரனிற்றா வயிற்றுக்கு முன்னால் பெட்டியைப் பிடித்துக்கொண்டு, "ஓம் அண்ணை, சும்மா சின்னதா" என்றாள்.

"அப்பிடிச் சொல்லும். நான் விளம்பரம் செய்யிறன். காசு வேண்டாம், மனிசிக்கு ஒரு சேலை தந்தால் போதும்."

அவன் செய்தான். அந்தக் கிழமையே போன்கள் வரத் தொடங்கின. மகளின் முதல் நன்மைப் பூசைக்கு வெள்ளைச் சட்டை இருக்கோ, அறுபதாம் பிறந்தநாளுக்குச் சேலை இருக்கோ என்று பெண்கள் கேட்டார்கள். அன்ரனிற்றா ஸ்ரொக் முடிந்துவிட்டது என்பாள். ஆனால் உடனே வைக்க மனம் வராது. முடிந்துபோனது எப்படி இருந்தது என்று விபரிப்பாள். இல்லாத சேலையின் கரை எத்தனை விரல் அகலம், எந்த வெயிலில் எந்த நிறம் காட்டும் என்றெல்லாம் சொல்வாள். அவர்களும் கேட்டுக்கொண்டிருப்பார்கள். அந்த இளவேனிலில் அவளோடு ஆட்கள் கதைத்தது அவ்வளவுதான்.

மே மாதத்தில் நீலச் சட்டை வந்தது. பெட்டியில் அனுப்பியவர் பெயர் இல்லை, உள்ளே திருப்பி அனுப்பும் துண்டும் இல்லை. அவள் அதை வாங்கியதாகவும் எங்கும் பதிவில்லை. துணி தடித்த பருத்தி, ஆனால் பாரமில்லை. தையல்கள் தோலில் உரசவில்லை. இரண்டு பக்கமும் கை முழுக்கப் போகும் பொக்கற். போட்டுக்கொண்டு கண்ணாடியில் பார்த்தாள். வயிறு இருந்த இடமே தெரியவில்லை. வந்த ஞாயிறு பூசையில் ஒருத்தியும் அவளுடைய வயிற்றைப் பார்க்கவில்லை. அன்றிரவு றோசம்மாவுக்குப் போன் எடுத்து, கடைசியில் ஒரு நல்ல சட்டை கிடைத்தது மாமி என்றாள்.

சட்டை தன் வேலையைச் சரியாகச் செய்தது. வயிறு ஒரு விரல் வளர்ந்தால் அது ஒரு சாண் வளர்ந்தது. ஜூனில் இரண்டு கதிரைகளை மூடியது. ஜூலையில் பஸ் சாரதி, தள்ளுவண்டிகள் ஏறும் நடுக் கதவால் ஏறச் சொன்னார். டொக்டரின் உதவிப் பெண் அதைச் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டு, வயிற்றை மட்டும் அளந்து, எல்லாம் ஒழுங்கு என்றாள். கோயிலில் சட்டை ஒரு வாங்கு முழுவதையும் எடுத்தது. ஆட்கள் மரியாதைக்கு அடுத்த வாங்குக்குப் போனார்கள். பிறகு அதையும் எடுத்தது. கர்த்தர் கற்பித்த செபம் சொல்லும்போது பக்கத்துக் குரல்கள் தூரத்தில் கேட்டன. தேத்தண்ணி மண்டபத்தில், இது என்ன புது மொடலோ, உம்மட்டை வேண்டலாமோ என்று கேட்டார்கள். ஒருத்தி கேட்டால் போதும், வயிற்றில் ஏதும் விசேஷமோ என்று யாராவது ஒருத்தி வாய் திறந்து கேட்டால் பொய் சொல்லமாட்டேன் என்று நினைத்துக்கொண்டுதான் ஒவ்வொரு ஞாயிறும் போனாள். பழைய கதை தெரிந்தவர்கள் கேட்கக் கூடாது என்றுதான் கேட்காமல் விட்டார்கள். அவளைப் புண்படுத்தக் கூடாது என்பதில் அவர்கள் எல்லாரும் கவனமாக இருந்தார்கள்.

சட்டையைக் கழற்றிப் போட்டிருக்கலாமே என்று கேட்கலாம். கழற்றிப் பார்த்தாள். வேறு எதுவும் அவளுக்குக் கொள்ளவில்லை. ஓகஸ்டில் நடுக் கதவாலும் பஸ் ஏற ஏலாமற் போனபோது வீட்டோடு இருந்தாள். விளிம்பு படியில் கிடந்ததால் வீட்டுக் கதவைச் சாத்த முடியவில்லை. அது திறந்தபடியே இருந்தது, ஒருவரும் வரவில்லை. சட்டைக்குள்ளே வெளிச்சம் நீலமாக இருந்தது. தும்மினால் சத்தம் எங்கேயோ போய் ஆறுதலாகத் திரும்பி வந்தது. டக்ளஸ் வெள்ளிக்கிழமைகளில் வந்து, விளிம்பைத் தூக்கி உள்ளே நுழைந்து தேடுவான். சனி மத்தியானமளவில் கண்டுபிடிப்பான். "கொஞ்சம் பெரிசாத்தான் போச்சு என்ன?" என்பான். "ஆனா அம்மா சொன்னமாதிரி நல்லா மறைக்குது." இருவரும் சேர்ந்து சாப்பிடுவார்கள். பிறகு ஞாயிறு வந்துவிடும்.

செப்டெம்பரில், நாள் குறித்ததற்கு முன்னதாக, ஒரு புதன்கிழமை சோறு வடித்துக்கொண்டிருக்கும்போது பிரசவ நோ எடுத்தது. டக்ளஸ் ஸ்பெயினில் தோடம்பழம் ஏற்றிக்கொண்டிருந்தான். போன் பொக்கற்றில் இருந்தது. பொக்கற்றும் மற்றவற்றோடு வளர்ந்திருந்ததால், தோள்வரை கையை விட்டும் அடி தட்டுப்படவில்லை. சன்னலைத் திறந்து கூப்பிடலாம் என்று நடந்தாள். சன்னல் வரவில்லை. அவள் கால் போன பக்கமெல்லாம் நீலத் துணியாகவே இருந்தது. அப்போதுதான் முதன்முதலாகப் பயந்தாள். இந்தப் பிள்ளையைப் பற்றி டொக்டரைத் தவிர இந்த ஊரில் ஒருவருக்கும் தெரியாது; இரண்டு பேரும் இங்கே முடிந்துபோனாலும் வெள்ளிக்கிழமைவரை தேட ஆளில்லை. பொக்கற்றின் அடியில், கிணற்றுக்குள் விழுந்ததுபோல, போன் அடித்தது, நின்றது, திரும்ப அடித்தது.

அடித்தவள் பிறேமா. முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் வேலை செய்பவள். மகள் நிலக்சியின் நிச்சயார்த்தத்துக்குச் சேலை கேட்டு மூன்று முறை போன் எடுத்து, மூன்று முறையும் வடிவான விபரிப்பு மட்டும் கிடைத்தவள். நாலாம் முறை போனையே எடுக்காத கடைக்காரியை நேரில் பார்த்து நாலு வார்த்தை கேட்பது என்று, மகேந்திரராஜாவிடம் விலாசம் வாங்கி, வேலை முடிந்த கையோடு வந்தாள். கீழ்க்கதவடியில் விளிம்பு கிடந்தது. குனிந்து பெருவிரலால் தேய்த்துப் பார்த்தாள். "இப்பிடித் துணியை வைச்சுக்கொண்டு ஸ்ரொக் இல்லையாம்" என்று சொல்லிக்கொண்டு, அதைப் பிடித்தபடி படியேறினாள். மேலே வீடு திறந்திருந்தது. கருகின சோற்றின் மணம் வந்தது. அடுப்பை அணைத்துவிட்டு, "ஆர் உள்ளை?" என்று கேட்டாள்.

"நான்தான் அக்கா" என்று எங்கிருந்தோ கேட்டது. "ஏலாமக் கிடக்கு."

பிறேமா சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு விளிம்பைத் தூக்கி உள்ளே போனாள். போகப் போக நீலம் நீண்டது. "எந்தப் பக்கமெண்டு தெரியேல்லை பிள்ளை. நீர் அந்த இடத்திலையே நில்லும். நிப்பாட்டாமல் கதையும், சத்தத்துக்கு வாறன்."

"என்னத்தையக்கா கதைக்க?"

"உம்மட்டை இருக்கிற சேலையளைப் பற்றிக் கதையும். அதுதானே நல்லா வரும்."

அன்ரனிற்றா கதைத்தாள். மாம்பழ மஞ்சள் ஒன்று, அரக்குக் கரை, கரையில் அன்னம் என்றாள். நோ வந்தபோது நிறுத்தினாள், போனபின் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். மயில்கழுத்து நிறம் ஒன்று, நிழலில் பச்சை, வெயிலில் நீலம். கத்தரிப்பூ ஒன்று, முந்தானை முழுக்க ஜரிகை, ஆனால் தோளில் பாரம் தெரியாது. பிறேமா அரக்குக்கு ஓம் என்றாள், கத்தரிப்பூ நிலக்சிக்கு எடுக்காது என்றாள், அப்படியே குரல் குரலாக நடந்து வந்து சேர்ந்தாள். வந்து வயிற்றைப் பார்த்தாள்.

"இது கடை இல்லை என்ன?"

"இல்லையக்கா."

"எத்தனை மாதம்?"

"இதுதான் மாதம்."

"ஒருத்தருக்கும் சொல்லேல்லையோ?"

"மாமி வேண்டாமெண்டவா. கண்ணூறு எண்டு."

பிறேமா தன்னுடைய போனை எடுத்து ஜெர்மனில் அம்புலன்ஸுக்கு விலாசம் சொல்லிவிட்டு, அன்ரனிற்றாவின் முதுகுக்குப் பின்னால் இருந்து இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்தாள். "சரி, நானும் சொல்லேல்லை" என்றாள். "பிள்ளை தானே சத்தம் போட்டுச் சொல்லும்."

அம்புலன்ஸ்காரர் இருவரும் விளிம்பைத் தூக்கி, தூக்குப் படுக்கையோடு உள்ளே வந்து, அந்தச் சத்தத்தை வைத்துத்தான் இடத்தைக் கண்டுபிடித்தார்கள். பெண்பிள்ளை. அதைத் துடைக்க எங்கும் துணி தேடவேண்டியிருக்கவில்லை. ஆசுப்பத்திரியில் பின்னேரமே பிறேமா தன் வாக்கைக் காப்பாற்றாதது தெரிந்தது. ஒருத்தி பிள்ளை பெற்றவளுக்குக் காய்ச்சும் சரக்குக் கறியோடு வந்தாள், ஒருத்தி தோய்த்துத் தோய்த்து மெத்தென்றான பழைய சேலைத் துண்டுகளோடு வந்தாள். மகேந்திரராஜாவின் மனைவி, தனக்குச் சேலை வராது என்பதை விளங்கிக்கொண்டு, பற்றிஸ் கொண்டுவந்தாள். றோசம்மா எல்லாருக்கும் போன் அடித்தபோது எல்லாரும் தெரியும் என்றார்கள். அதில் அவளுக்குக் கொஞ்சம் மனவருத்தம்.

ஒரு மாதமளவும் ஆட்கள் வந்தார்கள். பிறகு குறைந்தது, அவரவருக்கு வேலை. டக்ளஸ் ஞாயிறு இரவில் போனான். சட்டை முதல் தோய்ப்பில் அவளுடைய அளவுக்கு வந்தது. சாயம் போகவில்லை, தையல் விடவில்லை. அன்ரனிற்றா அதை மடித்து அலமாரியில் வைத்தாள்.

அடுத்த வருடம் ஏப்ரலில் ஒருநாள் அலமாரிக் கதவு சாத்த மறுத்தது. திறந்து பார்த்தாள், சட்டை ஒரு சாண் பெருத்திருந்தது. அவளுடைய வயிற்றில் ஒன்றும் இல்லை. சற்று யோசித்துவிட்டு, சேலை கேட்டுப் போன் எடுத்த பெண்களையும் ஊருக்குப் புதிதாக வந்தவர்களையும் ஒவ்வொருத்தியாகத் தானே கூப்பிட்டு, ஏதும் விசேஷமோ என்று நேரே கேட்டாள். சிலர் சிரித்தார்கள், ஒருத்தி கோபித்து வைத்துவிட்டாள். மகேந்திரராஜாவின் கடையில் சாமான் அடுக்க வரும் புதுப்பிள்ளை யூட்சனா, ஆறு மாதத்துக்கு முன் கலியாணமாகி வந்தவள், ஒன்றும் சொல்லவில்லை. லொறி நிற்கும் இடத்து இரைச்சல்போல ஒரு இரைச்சல் மட்டும் போனில் கேட்டது. அன்ரனிற்றா வைக்காமல் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு, "அப்ப நான் வாறன் பிள்ளை" என்று சொல்லி, சட்டையை ஒரு பையிலும் மகளைத் தள்ளுவண்டியிலும் வைத்து, நடுக் கதவால் பஸ் ஏறினாள்.

அதற்குப் பிறகு அலமாரிக் கதவு சாத்தாத நாட்கள் வருடத்தில் இரண்டு மூன்று வருகின்றன. சட்டை போகிறது, சில மாதம் கழித்துத் தோய்த்து மடித்துத் திரும்பி வருகிறது. ஒவ்வொரு முறையும் அதில் புதிதாக ஒரு பவுடர் வாசம். பையோடு கடையைத் தாண்டும்போது மகேந்திரராஜா உள்ளே இருந்து எட்டிப் பார்ப்பான்.

"யாவாரம் எப்பிடிப் போகுது தங்கச்சி?"

"போகுது அண்ணை" என்பாள் அன்ரனிற்றா. "ஸ்ரொக் ஒண்டுதான்."